மூன்று கிலோவுக்குள் ஒரு பட்டறை: கரையோரப் பாய்மரப் பந்தயத்துக்கான கருவிப் பை

பாயின் அடியைப் பிடிக்கும் கிடைக் கம்பமான பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிற்றமைப்பு வேங். அதைப் பூட்டியிருந்த ஷாக்கிளின் (U வடிவ உலோகக் கொக்கி) பின், இரண்டாவது சுற்றில் காற்றை எதிர்த்து ஏறும்போது கழன்று கடலுக்குள் போய்விட்டது. அப்போது எங்கள் படகில் பதினொரு கிலோ எடையில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. மடித்து வைத்த பாய்களுக்கு அடியிலிருந்து அதை இழுத்து வெளியே எடுக்கவே மூன்று நிமிடம் ஆனது. திறந்தால் பிளேயர் துருவேறி வாய் பிளக்க மறுத்தது. ஆறு ஷாக்கிள் இருந்தன, ஆறும் 8 மி.மீ. எங்களுக்கு வேண்டியிருந்தது 5 மி.மீ. பந்தயத்தை முடிக்காமல் துறைமுகத்துக்குத் திரும்பினோம்.

அடுத்த பருவத்தில் அதே இடம் மறுபடி கழன்றது. இந்த முறை முன்னால் இருந்த பையனின் பாக்கெட்டில் டைனீமா என்ற மெல்லிய, மிக வலுவான கயிறு இரண்டு மீட்டர் இருந்தது. ஒன்றரை நிமிடத்தில் ஆறு சுற்றுச் சுற்றிக் கட்டினான். இரண்டு இடம் பின்தங்கினோம், ஆனால் முடிவுக் கோட்டைத் தாண்டினோம். அந்த இரும்புப் பெட்டி இப்போது கரையில்தான் இருக்கிறது.

இந்த வழிகாட்டி 7, 8 மீட்டர் நீளமுள்ள, நான்கைந்து பேர் ஓட்டும் கீல் படகுகளுக்கானது (கீல் என்பது படகின் அடியில் நீட்டியிருக்கும் கனமான தகடு). காலையில் போய் மாலையில் திரும்புகிற, கரை கண்ணில் தெரிகிற கிளப் பந்தயங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நான் ஓடுவது சென்னைத் துறைமுகத்திலும் அதற்கு வெளியே வங்கக் கடலிலும். 1911-இல் சர் ஃப்ரான்சிஸ் ஸ்ப்ரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றும் அந்தத் துறைமுகத்துக்குள்ளேதான் இருக்கிறது. நம் கடற்கரைப் பேச்சில் பாயை ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்றும், பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்குத் தாமான் என்றும் அழகான பழைய சொற்கள் உண்டு. கிளப்பில் எல்லோரும் ஹாலியார்டு, ஷீட் என்றே கூப்பிடுவதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

தொடங்குமுன்: விதி என்ன அனுமதிக்கிறது

பைக்குள் எதை வைப்பது என்பதைப் பந்தய விதிகளும் ஓரளவு தீர்மானிக்கின்றன. 2025–2028 விதிப் புத்தகத்தில் மூன்று விதிகளைப் படித்துவிடுங்கள்.

விதி 41: பந்தயத்தில் இருக்கும் படகு வெளியாரிடம் உதவி வாங்கக் கூடாது. ஆளுக்கு உடம்பு முடியாமல் போனாலோ, அடிபட்டாலோ, ஆபத்து வந்தாலோ உதவி பெறலாம். ஒரு ஸ்பேனருக்காகப் பக்கத்துப் படகைக் கூப்பிட முடியாது. ஆனால் பந்தயத்தில் இருப்பது என்பது ஆயத்த சமிக்ஞையிலிருந்து, அதாவது புறப்பாட்டுக்கு நான்கு நிமிடம் முன்பிருந்துதான் கணக்கு. அதற்கு முன்பும், இரண்டு பந்தயங்களுக்கு நடுவிலும், அன்றைய பந்தய அறிவிப்பு தடுக்காவிட்டால், துணைப் படகிலிருந்து கருவி வாங்கிக்கொள்ளலாம். கனமான சாமானெல்லாம் துணைப் படகில் போகட்டும்.

விதி 45: ஆயத்த சமிக்ஞைக்குப் பிறகும் தண்ணீர் இறைக்க, பாயைச் சுருக்க, பழுது பார்க்கப் படகை எங்காவது கட்டி நிறுத்தலாம். இது தெரியாமல் நல்ல படகுகள் வீணாக விலகிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

விதி 51: சமநிலையை மாற்றுவதற்காக எடையை இடம் மாற்றக் கூடாது. கருவிப் பையைக் காற்று வரும் பக்கத்துக்குத் தூக்கித் தூக்கி வைப்பதும் இதில் அடங்கும். பைக்கு ஓர் இடம், அந்த இடத்தில் ஒரு கட்டு.

படி 1: முனையிலிருந்து பின்பக்கம் வரை நடந்து பாருங்கள்

கடைக்குப் போகுமுன் படகுக்குப் போங்கள். கையில் நோட்டும் பென்சிலும் ஒரு வெர்னியர் காலிப்பரும் போதும். பாய்மரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் கம்பியான ஃபோர்ஸ்டே முன்முனையில் பூட்டியிருக்கும் இடத்தில் தொடங்கிச் சுக்கான் வரை, கழலக்கூடிய ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து எழுதுங்கள். எந்த ஷாக்கிள், எத்தனை மி.மீ. பின். எந்த நட்டு, எந்த ஸ்பேனர். எந்தத் திருகுக்கு எந்தத் தலை. கம்பியை இறுக்கித் தளர்த்தும் திருகான டர்ன்பக்கிளைப் பூட்டியிருப்பது காட்டர் பின்னா (கால்களை வளைத்துவிடும் பின்), ஸ்பிளிட் ரிங்கா (சாவி வளையம் போன்றது).

இரண்டு மணி நேரம் பிடிக்கும். இதைத் தாண்டிவிட்டுப் பை கட்டுவது வீண் வேலை. பொதுப் பட்டியலைப் பார்த்து வாங்கிய பெட்டியில் பாதிக் கருவிகளுக்கு உங்கள் படகில் வேலையே இருக்காது. உண்மையில் வேண்டிய 5 மி.மீ. ஆலன் கீயோ பெட்டியில் இருக்காது.

நினைவில் வைக்க ஒரு கணக்கு: எம்5 நட்டுக்கு 8 ஸ்பேனர், எம்6-க்கு 10, எம்8-க்கு 13. ஆலன் தலை போல்ட் என்றால் எம்5-க்கு 4 மி.மீ. கீ, எம்6-க்கு 5, எம்8-க்கு 6. ஆனால் அமெரிக்காவில் வடிவமைத்துக் கட்டிய படகுகளிலும், அங்கிருந்து வந்த வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை), பிளாக் (கப்பி) ஆகியவற்றிலும் அங்குல அளவு இருக்கக்கூடும். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. எம்6 போல்ட்டை அதில் திணித்தால் மரை போய்விடும். அதனால்தான் காலிப்பர்.

நடந்து முடித்ததும் பட்டியலில் மூன்று அடையாளம் இடுங்கள். கழன்றால் பந்தயமே நின்றுவிடும் என்பதற்கு ஒரு வட்டம். கழன்றால் வேகம் குறையும், ஆனால் ஓடலாம் என்பதற்கு ஒரு கோடு. மற்றவை வெறுமனே இருக்கட்டும். வட்டம் போட்டவை பதினைந்தைத் தாண்டாது. ஷ்ரவுடையும் (பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கும் கம்பி) ஃபோர்ஸ்டேயையும் பிடிக்கும் பின்கள், மெயின் ஷீட் பிளாக், வேங், ஹாலியார்டு ஷாக்கிள்கள், சுக்கானின் பின்கள், டில்லர் (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) நீட்டிப்பின் மூட்டு. உங்கள் பை இவற்றுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

படி 2: கருவியை நேரத்தால் பிரியுங்கள்

கரையோரப் பந்தயம் ஒன்று ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கும் எந்தப் பழுதையும் சரிசெய்து பயனில்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இதை வைத்து எத்தனை நேரத்தில் வேலை முடியும் என்பதுதான்.

பத்து விநாடியில் முடிய வேண்டியவை உடம்பில் இருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலைக்கானவை, ஆட்கள் உட்காரும் குழியான காக்பிட்டிலிருந்து கையெட்டும் இடத்தில். இரண்டு பந்தயங்களுக்கு நடுவே கிடைக்கும் பத்து இருபது நிமிடத்தில் செய்பவை உள்ளே, பையில். அதற்கு மேல் நேரம் கேட்பவை கரைக்கு. ஒரு கருவி எங்கே சேரும் என்று தெரியவில்லையென்றால் அது கரைக்குத்தான் சேரும்.

படி 3: உடம்பில் இருப்பவை

கத்தி. மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். முனை மழுங்கியதாக, அலகில் பாதியாவது ரம்பப் பல் உள்ளதாக, ஒரே கையால் எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். கூர்முனை வேண்டாம். படகு சாயும்போது அது முதலில் போய்க் குத்துவது உங்கள் தொடையையோ உயிர்காப்பு உடுப்பையோதான். கயிற்றில் கால் மாட்டிய ஒருவரை விடுவிக்க உங்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள். பைக்குள் தேட நேரமில்லை. சுக்கான் பிடிப்பவரிடம் ஒன்று, முன்முனையில் நிற்பவரிடம் ஒன்று என்று குறைந்தது இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். இவை தவிர காக்பிட்டில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், உறையில் போட்டுக் கயிற்றால் கட்டிய மூன்றாவது கத்தி. உலகப் பாய்மரச் சங்கத்தின் கடலோடும் பந்தயங்களுக்கான பாதுகாப்பு விதிகளும் இப்படி ஒரு கத்தியைக் கேட்கின்றன.

ஷாக்கிள் கீ. சின்ன இரும்புத் தகடு, நடுவில் பிளவு. விரலால் முறுக்கிய ஷாக்கிளைக் கால் சுற்று கூடுதலாக இறுக்க இது போதும். கழன்றுபோகும் ஷாக்கிள்களில் பெரும்பாலானவை விரலால் மட்டும் முறுக்கப்பட்டவை.

3 மி.மீ. அல்லது 4 மி.மீ. டைனீமா இரண்டு மீட்டர், சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு முன் பாக்கெட்டில். இன்சுலேஷன் டேப் கால் சுருள், சப்பையாக அழுத்தியது.

லேசர் போன்ற ஒற்றை ஆள் சிறு படகில் ஓடுகிறவருக்கு இந்தப் படி மட்டுமே முழுக் கருவிப் பை. இன்று ஐ.எல்.சி.ஏ. என்று பெயர் மாறிய அந்தப் படகில்தான் சென்னையின் நேத்ரா குமணனும் வேலூர் விஷ்ணு சரவணனும் ஒலிம்பிக் வரை போனார்கள். அந்தப் படகுக்கு, மேலே சொன்னவற்றோடு ஓர் ஓட்டை அடைப்பானும் ஒரு 5 மி.மீ. ஷாக்கிளும் சேர்த்தால் போதும்.

படி 4: கையெட்டும் பையில் கருவிகள்

என் பையில் இருப்பவை இவ்வளவுதான்: நல்ல மல்டிடூல் ஒன்று, 8 அங்குல அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒன்று, 6 அங்குலத்தில் இன்னொன்று, பிட் மாற்றும் குட்டை ஸ்க்ரூ டிரைவர், நோஸ் பிளேயர், படகுக்கு வேண்டிய நான்கு ஆலன் கீ மட்டும், முழு செட் இல்லை, ஒரு சின்ன சுத்தியலும் பின்னைத் தட்டித் தள்ளும் இரும்புக் குச்சியான ‘பஞ்ச்’சும், இரண்டு ஹேக்ஸா பிளேடு, தலையில் மாட்டும் டார்ச்.

இரண்டு ஸ்பேனர் எதற்கு என்று கேட்பார்கள். டர்ன்பக்கிளின் உடம்பை ஒன்றால் பிடித்து, பூட்டு நட்டை இன்னொன்றால் திருப்ப வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் கம்பி முறுக்கிக்கொள்ளும். பந்தயங்களுக்கு நடுவே, காற்று மாறியதற்கேற்ப ஷ்ரவுடை இறுக்கவும் தளர்த்தவும் இந்த இரண்டும் வேண்டும். அதைப் புறப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பந்தயத்தின் நடுவில் பல படகு வகைகளின் விதிகள் அதைத் தடுக்கின்றன.

சுத்தியலும் ‘பஞ்ச்’சும் கொடிமரம், அதாவது பாய்மரம், விழும் நாளுக்கு. பாய்மரம் முறிந்து கடலில் கிடந்தால், அலையோடு சேர்ந்து அது படகின் பக்கத்தை இடித்துக்கொண்டே இருக்கும். ஷ்ரவுடை வெட்டப் பெரிய கட்டர் வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இந்த அளவுப் படகில் அதைவிட எளிய வழி, ஸ்பிளிட் ரிங்கை எடுத்துவிட்டு, கம்பியைப் படகோடு இணைக்கும் க்ளெவிஸ் பின்னைத் தட்டித் தள்ளுவது. பின் வளைந்து சிக்கிக்கொண்டால்தான் ஹேக்ஸா. பிளேடில் பல் நெருக்கமாக, அங்குலத்துக்கு 32 இருக்கட்டும். பெரும்பல் பிளேடு கம்பியின் இழைகளில் மாட்டி உடையும்.

ஒவ்வொரு கருவியிலும் ஒரு மீட்டர் மெல்லிய கயிறு கட்டி, மறுமுனையில் மணிக்கட்டு நுழையும் கண்ணி போடுங்கள். கைப்பிடியில் துளை இல்லையென்றால் துளை போடுங்கள். படகு 20 டிகிரி சாய்ந்திருக்கும்போது கீழே வைத்த எதுவும் வைத்த இடத்தில் இருக்காது.

படி 5: கயிறு, உங்கள் உண்மையான கருவிப் பெட்டி

பையில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் இடம் என்று சொன்னால், கத்திக்கு அடுத்தபடி கயிறை எடுப்பேன்.

டைனீமா என்று நாம் சொல்வது மிக நீண்ட மூலக்கூறுகள் கொண்ட பாலிஎத்திலீன் இழை. தண்ணீரைவிட இலேசு, மிதக்கும். ஈரம் உறிஞ்சாது, துருப்பிடிக்காது. நல்ல 4 மி.மீ. கயிறு அறுபட ஒன்றரை டன்னுக்கு மேல் இழுவை வேண்டும். ஷாக்கிள், பின், பிளாக்கின் பிடி, டில்லர் மூட்டு என்று உடைந்த எந்த இரும்பின் இடத்திலும் இது நிற்கும்.

ஆனால் இதற்கு இரண்டு குறை. ஒன்று, வழுக்கும். சாதாரணக் கயிற்றில் பிடித்து நிற்கும் முடிச்சு இதில் மெல்ல உருவிக்கொண்டு போகும். இரண்டு, கூரிய விளிம்பில் பட்டால் சீக்கிரம் அறுந்துவிடும். சூடும் ஆகாது, சுமார் 145 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதனால் கட்டும் முறை முக்கியம்.

இப்படிக் கட்டுங்கள். இணைக்க வேண்டிய இரு பாகங்களிலும் இருக்கும் துளைதான் கண். கயிற்றின் ஒரு முனையை ஒரு கண்ணில் முடியுங்கள். பிறகு இரு கண்களுக்கும் நடுவே ஆறு சுற்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக. ஒவ்வொரு சுற்றையும் அப்போதே இழுத்து இறுக்குங்கள். கடைசியில் சேர்த்து இறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டால் முதல் சுற்றுகள் தளர்ந்தே இருக்கும், சுமை முழுவதையும் இரண்டு இழை தாங்கும். பிறகு சுற்றுகளின் இடுப்பில் குறுக்காக மூன்று சுற்று, சுமையிருக்கும் இழைகளை நெருக்குவதற்காக. கடைசியாக ஐந்து அரை முடிச்சு, கைவிரல் நீளத்துக்கு வால் விட்டு. வாலின் மேல் இன்சுலேஷன் டேப்.

டேப்பை மறக்காதீர்கள். பாய் படபடக்கும் அதிர்வில் அரை முடிச்சு ஐந்தும் அவிழ்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டிலேயே செய்து எடுத்துப்போக வேண்டியது சாஃப்ட் ஷாக்கிள். கயிற்றைக் கயிற்றுக்குள்ளேயே நுழைத்து, ஒரு முனையில் வைர முடிச்சு போட்டு, மறுமுனைக் கண்ணில் மாட்டும் வளையம். 5 மி.மீ. கயிற்றில் மூன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது செய்ய ஒரு மாலை முழுக்கப் போகும், நான்காவதற்குப் பத்து நிமிடம். உலோக ஷாக்கிள் போனால் எந்த அளவு என்று பார்க்காமலே மாட்டலாம், முன்பாயான ஜிப்பின் முனையில் இருந்தால் முகத்தில் அடித்தாலும் பல் உடையாது.

முனையை வெட்டும்போது நெருப்பு காட்ட வேண்டாம். பாலியெஸ்டர் கயிறு போல இதன் முனை உருகி ஒட்டாது. வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, டேப்பின் நடுவில் கூரான கத்தியால் வெட்டுங்கள்.

மொத்தத்தில் பைக்கு: 3 மி.மீ. ஐந்து மீட்டர், 4 மி.மீ. ஐந்து மீட்டர், சாஃப்ட் ஷாக்கிள் மூன்று. இத்தோடு 6 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு நான்கு மீட்டர், முடிச்சு நிற்க வேண்டிய சாதாரண வேலைகளுக்கு. காசிமேட்டில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு விலை மலிவு, மிதக்கும், ஆனால் வெயிலில் சில மாதத்திலேயே நொறுங்கத் தொடங்கும். கரையில் படகு கட்ட அது போதும், பைக்குள் வேண்டாம்.

படி 6: டேப், ஊசி, நூல்

மூன்று டேப் போதும். இன்சுலேஷன் டேப், ஒட்டுப் பசையில்லாமல் தன்மேல் தானே ஒட்டும் ரப்பர் டேப், ஸ்பின்னேக்கர் (பின்காற்றில் விரிக்கும் மெல்லிய பெரிய பாய்) ஒட்டும் நைலான் டேப். வெள்ளி நிறத்து டக்ட் டேப் பாய்க்கு ஆகாது. நம் வெயிலில் அதன் பசை உருகித் துணியில் ஊறிவிடும், பிறகு தைக்கிறவர் உங்களைத் திட்டுவார். அதே காரணத்தால் எந்த டேப்பையும் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மே மாதத்தில் ஒரு பிற்பகல் போதும், சுருளின் பக்கவாட்டில் பசை கசிந்து நிற்கும்.

ஸ்பின்னேக்கர் கிழிந்தால் டேப் ஒட்டாததற்குக் காரணம் ஈரம் மட்டுமல்ல, உப்பும்தான். காய்ந்தாலும் துணிமேல் உப்புப் பொடி இருக்கும். குடிதண்ணீரில் நனைத்த துணியால் முதலில் துடையுங்கள், பிறகு ஸ்பிரிட்டால். பாட்டில் ஸ்பிரிட் படகில் வேண்டாம். மருந்துக் கடையில் ஊசி போடுமுன் துடைக்கத் தருவார்களே, அந்த ஸ்வாப் பாக்கெட் பத்து வாங்கிக்கொள்ளுங்கள். எடையே இல்லை. கிழிசலின் இரு ஓரத்தையும் சேர்த்து வைத்து, மூலைகளை வட்டமாக வெட்டிய டேப்பை இரு பக்கமும் ஒட்டி, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். மூலை சதுரமாக இருந்தால் காற்று முதலில் அங்கேதான் உரித்தெடுக்கும்.

மெயின் பாய் தடித்த துணி. அதில் தையல் விட்டால் டேப் தாங்காது. பாய் தைக்கும் ஊசி இரண்டு, மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூல் பத்து மீட்டர். ஊசியில் கரையிலேயே நூல் கோத்து வையுங்கள். ஆடும் படகில் உப்புத் தண்ணீர் பட்ட விரலால் நூல் கோப்பது பெரும் பாடு.

படி 7: சின்னச் சாமான்கள்

வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு வகை: காட்டர் பின்கள், ஸ்பிளிட் ரிங்குகள், 5 மி.மீ. க்ளெவிஸ் பின், 6 மி.மீ. க்ளெவிஸ் பின், 5 மி.மீ. ஷாக்கிள் இரண்டு, 6 மி.மீ. ஷாக்கிள் இரண்டு, நைலான் பூட்டு நட்டுகளும் வாஷரும். மூடியின் உட்புறம் அளவை மார்க்கரால் எழுதுங்கள். அளவுகள் என் படகின் அளவுகள். உங்கள் அளவு படி 1-இல் எழுதிய பட்டியலில் இருக்கிறது.

எத்தனை வைப்பது? ஸ்பிளிட் ரிங் பத்து, காட்டர் பின் பத்து. கைதவறிக் கடலில் விழுவது எப்போதும் இவைதான். மற்றவை இரண்டிரண்டு. டப்பாவுக்கு வெளியே ஒரே ஒரு உபரி பிளாக், மெயின் ஷீட்டில் இருக்கும் அளவில்.

பாரிமுனைப் பக்கத்து இரும்புச் சாமான் கடைகளில் எஸ்.எஸ். போல்ட் என்று கேட்டால் பெரும்பாலும் 304 வகையைத்தான் எடுத்துத் தருவார்கள். கடலுக்கு 316 வேண்டும். அதில் சேரும் மாலிப்டினம்தான் உப்பினால் வரும் புள்ளித் துருவைத் தள்ளிப்போடுகிறது. போல்ட்டின் தலையில் ஏ2 என்றிருந்தால் 304, ஏ4 என்றிருந்தால் 316. ஒன்றும் எழுதாத போல்ட்டைக் கொடிமரத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்று. எஸ்.எஸ். நட்டு எஸ்.எஸ். போல்ட்டில் உலர்ந்த நிலையில் ஏறினால் பாதியில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அலுமினியக் கொடிமரத்தில் ஏறும் எஸ்.எஸ். திருகோ வெள்ளைப் பொடி கட்டி இறுகிவிடும். இரண்டுக்கும் லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) அல்லது டெஃப்ஜெல் என்ற பசை, விரல்நுனி அளவு. சின்ன டப்பாவில் அதுவும் பைக்குள்.

எஞ்சின் பக்கம் சுருக்கமாக: ஓர் உபரி ஸ்பார்க் ப்ளக், அதற்கான ஸ்பேனர், எஞ்சினை நிறுத்தும் கயிற்று க்ளிப் இரண்டாவது, விசிறியைப் பூட்டும் உலோகப் பின் ஒன்று. பந்தயத்தில் எஞ்சினுக்கு வேலையில்லை. ஆனால் காற்று செத்த மாலையில் கன்டெய்னர் கப்பலும் இழுவைப் படகும் வரும் துறைமுக வாயிலில் எஞ்சின் கிளம்பாமல் மிதப்பது ஆபத்து. இந்த நான்கையும் குறைக்க மாட்டேன்.

படி 8: கரையில் விட வேண்டியவை

சாக்கெட் செட், பாப் ரிவெட் கருவி, டிரில், மல்டிமீட்டர், எம்-சீல், நீண்ட வழிகாட்டிக் கயிறு, சிலிகான், பெரிய பிளேயர்கள், உபரி பேட்டன் (பாயை விறைப்பாக வைக்க அதன் உறையில் செருகும் பட்டை). இவையெல்லாம் வேண்டியவைதான், கரைப் பெட்டியில். கொடிமரத்தின் உச்சியில் சிக்கிய ஹாலியார்டை எடுக்கக் கடலில் யாரையும் மேலே ஏற்றாதீர்கள், அதற்கான கருவியையும் எடுத்துப்போகாதீர்கள். இருக்கும் பாயோடு திரும்பிவிடலாம். பேட்டன் உடைந்தால் முழுவதையும் உருவி எடுத்துவிட்டு உறையின் வாயை டேப்பால் மூடுங்கள். உடைந்த முனை உள்ளேயே இருந்தால் பாயைக் குத்திக் கிழிக்கும்.

படி 9: பை

முழுக்கத் தண்ணீர் புகாத பை வேண்டாம் என்பது என் கருத்து. ஈரக் கையோடு ஒருமுறை திறந்து மூடினால் உள்ளே போன உப்பு ஈரம் வெளியே வர வழியில்லை. ஒரே வாரத்தில் துரு. நான் வைத்திருப்பது பழைய டேக்ரான் பாய்த்துணியில் தையற்காரரிடம் கொடுத்துத் தைத்த சுருள். பத்து அறை, பூட்டு வேலைக்காரர்கள் வைத்திருப்பதுபோல விரித்தால் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். காலியாக இருக்கும் அறை உடனே கண்ணில் படும், எந்தக் கருவி திரும்பி வரவில்லை என்று கேட்டுவிடலாம். டப்பாக்களும் டேப்பும் ஒரு வலைப் பையில்.

இரண்டையும் கொடிமரத்தின் அடியில், கீலுக்கு மேலே, படகின் நடுக்கோட்டில் கட்டுங்கள். எடை அங்கேதான் படகை அதிகம் தொந்தரவு செய்யாது. முடிந்ததும் தராசில் வையுங்கள். மூன்று கிலோவைத் தாண்டினால் மறுபடி பிரித்து, போன பருவத்தில் ஒருமுறைகூடத் தொடாததை எடுங்கள். கத்தி, சுத்தியல், டார்ச் இந்தக் கணக்கில் வராது. அவை தொடப்படாமல் இருப்பதே நல்லது.

படி 10: ஒத்திகை

ஒரு ஞாயிற்றுக்கிழமை, படகு கட்டியிருக்கும்போதே, ஆளுக்கு ஒரு பழுது கொடுங்கள். வேங் ஷாக்கிளைக் கழற்றி ஒளித்துவிட்டு ஒருவரிடம் கயிற்றால் கட்டச் சொல்லுங்கள், நேரம் பாருங்கள். முதல் தடவை ஐந்து நிமிடம் ஆகும். மூன்றாவது தடவை ஒன்றரை. இரும்புப் பெட்டி நாளுக்கும் கயிறு நாளுக்கும் நடுவில் எங்கள் படகில் மாறியதில் பெரும்பங்கு இந்த ஒத்திகைதான்.

ஒத்திகையில் இரண்டு பழக்கம் வரவேண்டும். ஷாக்கிளையோ பின்னையோ தொடுமுன் கீழே ஒரு துண்டை விரிப்பது, விழுவது துண்டில் விழட்டும் என்று. பழுது பார்ப்பவர் ஒருவர், மற்றவர்கள் படகை ஓட்டுவது. எல்லோரும் பழுதைச் சுற்றி நின்றால் படகு காற்றுக்குள் திரும்பி நின்றுவிடும். எங்கள் படகில் கொடிமரத்தருகே இருப்பவருக்குத்தான் பழுது வேலை. அவர் கேட்டாலொழிய வேறு யாரும் கை நீட்டுவதில்லை.

படி 11: கரைக்கு வந்ததும்

டீ குடிக்கப் போகுமுன் சுருளை விரித்து, கருவிகளை நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். எஸ்.எஸ். மல்டிடூலும் துருப்பிடிக்கும், மூட்டுகளில்தான் முதலில். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு அங்கே விடுங்கள். கத்தியை விரல் நகத்தில் வைத்துப் பாருங்கள், வழுக்கினால் தீட்டுங்கள். மாத்திரை டப்பாவில் குறைந்ததை அன்றே கரைப் பெட்டியிலிருந்து நிரப்புங்கள். அடுத்த வாரம் செய்யலாம் என்று விட்ட ஸ்பிளிட் ரிங் அடுத்த வாரமும் இருக்காது.

பிறகு நோட்டில் ஒரு வரி: எது கழன்றது, எதை வைத்துக் கட்டினோம், எத்தனை நிமிடம். ஒரே இடம் இரண்டு தடவை வந்தால் அங்கே இரும்பை மாற்ற வேண்டும். எங்கள் வேங் ஷாக்கிள் மூன்றாவது தடவை எழுதப்படவில்லை. அந்த இடத்தில் இப்போது சாஃப்ட் ஷாக்கிள்தான் நிரந்தரமாக இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம்.